கருமணல் இங்கே, காந்தம் எங்கே?

நூறு ஆண்டுகளுக்கு மேலாக உலகத்துக்கு மூலப்பொருள் கொடுத்துவருகிறது மணவாளக்குறிச்சி. அந்த மண்ணை வைத்து எழுந்த தொழில்கள் மட்டும் ஏன் வேறு ஊர்களில் இருக்கின்றன?

'வைதேகி காத்திருந்தாள்' படத்தில் கவுண்டமணி நடத்தும் வாடகைக் கடையையும், பெட்ரோமாக்ஸ் லைட்டின் மேண்டிலைச் செந்தில் தூளாக்கும் காட்சியையும் மறந்த தமிழர் இருக்க மாட்டார். 1984-ல் தியேட்டரே அதிரச் சிரித்தது. அந்த மேண்டில் ஏன் தொட்டவுடன் உதிர்கிறது என்று மட்டும் யாரும் யோசிக்கவில்லை. மேண்டில் என்பது தோரியம் நைட்ரேட் கரைசலில் ஊறவைத்த நூல்வலை. முதல் தடவை பற்றவைக்கும்போதே நூல் எரிந்துவிடும். மிஞ்சுவது தோரியம் ஆக்சைடால் ஆன கூடு. கண்ணைக் கூசவைக்கும் வெளிச்சம் கொடுப்பது அந்தச் சாம்பல்தான். விரல் பட்டால் தூள்.

தோரியம் கிடைப்பது மோனசைட் என்ற தாதுவில். அன்றைய திருவிதாங்கூர் சமஸ்தானத்துக் கடற்கரையில் மோனசைட் இருப்பதை உலகுக்குச் சொன்ன ஊர், நாகர்கோவிலிலிருந்து குளச்சல் போகும் வழியில், முட்டத்துக்கும் மண்டைக்காட்டுக்கும் நடுவே இருக்கும் மணவாளக்குறிச்சி. கோயில் கொடையில் எரிந்த விளக்கு முதல் அணு ஆராய்ச்சி வரை, வீட்டுச் சுவரின் வெள்ளைப் பெயின்ட் முதல் மின்சார ஸ்கூட்டரின் மோட்டார் வரை இந்த ஊர்க் கரையில் ஒதுங்கும் தாதுக்கள் தேவைப்படுகின்றன. ஆனால், இந்தப் பட்டியலில் உள்ள பொருள் ஒன்றைக்கூட முழுதாகச் செய்து வெளியே அனுப்பும் பெரிய ஆலை குமரி மாவட்டத்தில் இல்லை.

வளரும் நாடு முன்னேற வேண்டுமென்றால் உற்பத்தித் தொழில் பெருக வேண்டும் என்று எல்லா அரசுகளும் சொல்கின்றன. எல்லாப் பாடப்புத்தகங்களிலும் எழுதியிருக்கிறது. அது எவ்வளவு உண்மை, எந்த நிபந்தனையோடு உண்மை என்று தெரிந்துகொள்ள இந்த ஊரைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது கடினம்.

கயிற்றோடு போன மண்

குமரிக் கரையில் தேங்காய்க் கதம்பையை ஊறவைத்து, அடித்து, தும்பு எடுத்துக் கயிறு திரிப்பது பழைய தொழில். அந்தக் கயிறு கப்பலேறி ஐரோப்பாவுக்குப் போனது. 1909-ல், இறக்குமதியான திருவிதாங்கூர்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் இருப்பதைக் கண்டார் ஷோம்பெர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர். கயிறு வந்த வழியைப் பிடித்துக்கொண்டு மணவாளக்குறிச்சிக்கு வந்துசேர்ந்தார். அடுத்த ஓரிரு ஆண்டுகளில் மோனசைட்டைப் பிரித்தெடுக்கும் ஆலை இங்கே எழுந்தது. பிறகு கொல்லத்துக்கு அருகே சவறாவிலும் ஒன்று.

அந்தக் காலத்தில் ஐரோப்பிய நகரங்களின் தெருவிளக்குகள் எரிவாயுவில் எரிந்தன. ஆஸ்திரிய வேதியியலாளர் கார்ல் ஆவர் கண்டுபிடித்த மேண்டில் அந்த விளக்குகளின் வெளிச்சத்தைப் பல மடங்காக்கியிருந்தது. அதற்கு வேண்டிய தோரியத்துக்குப் பிரேசில் கடற்கரை மோனசைட்டைத்தான் நம்பியிருந்தார்கள். அந்த வணிகம் ஜெர்மானியர்களின் பிடியில் இருந்தது. திருவிதாங்கூர் மோனசைட்டில் தோரியத்தின் அளவு பிரேசிலை விடக் கூடுதல். சும்மா கிடந்த கருமணலுக்கு ஒரே நாளில் விலை வந்தது இப்படித்தான்.

1914-ல் உலகப்போர் வெடித்ததும் ஷோம்பெர்க் ஜெர்மன் உளவாளி என்ற பேரில் கைதானார். ஆலை லண்டன் நிறுவனத்தின் கைக்கு மாறியது. முதலாளி மாறினாரே தவிர ஏற்பாடு மாறவில்லை. மணல் இங்கிருந்து மூட்டையாகப் போகும். தோரியம் நைட்ரேட்டும் மேண்டிலும் வேறு நாட்டில் தயாராகும். லாபத்தின் பெரும்பங்கு அங்கேயே தங்கும். காலனி ஆட்சியில் பருத்திக்கும் சணலுக்கும் நடந்த அதே கதை மணலுக்கும் நடந்தது.

வந்த சந்தை, போன சந்தை

மின்விளக்கு வந்து மேண்டில் சந்தையைச் சாய்த்தது. நல்ல வேளையாக, மோனசைட்டைப் பிரிக்கும்போது வேண்டாதது என்று ஒதுக்கிவைத்த இல்மனைட்டுக்கு 1920-களில் மவுசு வந்தது. இல்மனைட் கறுப்பு, அதிலிருந்து எடுக்கும் டைட்டானியம் டை ஆக்சைடு வெள்ளைவெளேர். நச்சுத்தன்மை கொண்ட ஈய வெள்ளைக்கு மாற்றாகப் பெயின்ட், காகிதம், ரப்பர், பிளாஸ்டிக், கடைசியில் பற்பசை வரைக்கும் அது நுழைந்தது. 1930-களின் இறுதியில் உலக இல்மனைட் சந்தையில் திருவிதாங்கூர்தான் முதல் வியாபாரி.

அந்த இடம் நிலைத்ததா? இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் கப்பல் போக்குவரத்து தடுமாறியது. அமெரிக்கா தன் மண்ணிலேயே இல்மனைட்டைத் தேடி எடுத்தது. போர் முடிந்த கொஞ்ச காலத்தில் கனடாவின் கியூபெக்கில் பிரமாண்டமான சுரங்கம் திறந்தது. பிறகு நார்வே, ஆஸ்திரேலியா என்று வரிசை நீண்டது. வாங்கியவர்களிடம் பெயின்ட் ஆலை இருந்தது. அவர்கள் மணலை வேறு கடையில் வாங்கிக்கொண்டார்கள். மணலை மட்டும் வைத்திருந்தவர்களுக்கு வேறு போக்கிடம் இல்லை.

மூலப்பொருளை மட்டும் விற்பவனின் பலவீனம் இதுதான். அவனுக்கு மாற்று எப்போதும் கிடைக்கும். பொருள் செய்யத் தெரிந்தவனுக்கு அவ்வளவு சுலபத்தில் மாற்று கிடைக்காது. பொருளாதார அறிஞர் நிக்கோலஸ் கால்டோர் 1960-களில் உற்பத்தித் தொழிலை வளர்ச்சியின் இயந்திரம் என்று வாதிட்டதன் சாரமும் இதையொட்டியதே. வயலும் சுரங்கமும் ஓர் எல்லைக்கு மேல் போனால், கூடுதலாகப் போடும் உழைப்புக்குக் கிடைக்கும் பலன் குறையும். ஆலையில் நேர்மாறாக, உற்பத்தி பெருகப் பெருகத் திறமையும் கூடும், செலவும் குறையும். அதைச் சுற்றிப் பத்து பட்டறைகள் முளைக்கும். அந்தப் பட்டறைகளில் ஒன்றிலிருந்து நாளைய ஆலை பிறக்கும்.

எல்லைக்கோடு பிரித்த தொழில்

சுதந்திரத்துக்கு முன்னும் பின்னும் இந்த உண்மையைப் புரிந்துகொண்டவர்கள் இல்லாமல் இல்லை. ஹிரோஷிமாவுக்குப் பிறகு தோரியம் அணுசக்திப் பொருளானது. 1946-ல் மோனசைட் ஏற்றுமதிக்குத் தடை வந்தது. தனிநாடு கனவில் இருந்த திருவிதாங்கூர் திவான் சி.பி.ராமசாமி ஐயருக்கு இந்த மணல் ஒரு துருப்புச்சீட்டாகவே இருந்தது. அதே 1946-ல் திருவனந்தபுரத்தில் டிராவன்கூர் டைட்டானியம் புராடக்ட்ஸ் தொடங்கப்பட்டது. 1950 ஆகஸ்ட்டில் மத்திய அரசும் திருவிதாங்கூர்-கொச்சி அரசும் சேர்ந்து இந்தியன் ரேர் எர்த்ஸ் நிறுவனத்தைப் பதிவுசெய்தன. ஆலுவாவில் பெரியாற்றங்கரையில் பிரெஞ்சு நிறுவனத்தின் தொழில்நுட்பத்தோடு மோனசைட்டைப் பகுக்கும் ஆலை எழுந்தது. 1952 டிசம்பரில் நேரு அதைத் திறந்துவைத்தார். மோனசைட்டை வேதிமுறையில் பகுக்கத் தெரிந்த நாடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்றிருந்த காலம் அது.

1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி மாவட்டம் தாய்த் தமிழகத்தோடு இணைந்தது. மார்ஷல் நேசமணி உள்ளிட்டோர் நடத்திய, உயிர்ப்பலி கொடுத்த போராட்டத்தின் வெற்றி அது. மொழியால் சேர வேண்டியவர்கள் சேர்ந்தார்கள். ஆனால், தொழில் கணக்கில் ஓர் எதிர்பாராத பிரிவினை நடந்துவிட்டது. மணவாளக்குறிச்சி மணல் இந்தப் பக்கம் வந்தது. டைட்டானியம் ஆலையும், ஆலுவா ஆலையும், சவறா மணலும் அந்தப் பக்கம் நின்றன. 1965-ல் மணவாளக்குறிச்சி, சவறா மணல் ஆலைகளை இந்தியன் ரேர் எர்த்ஸ் எடுத்துக்கொண்டது. இன்று ஐ.ஆர்.இ.எல். என்று பெயர் மாறி, அணுசக்தித் துறையின் கீழ் இயங்குகிறது. குமரிக்காரர்களுக்கு அது எப்போதும் 'மணல் ஆலை'தான்.

கேரளம் சும்மா இருக்கவில்லை. சவறாவில் மாநில அரசின் கே.எம்.எம்.எல். நிறுவனம் 1980-களில் டைட்டானியம் டை ஆக்சைடு ஆலையைத் தொடங்கியது. பிறகு இஸ்ரோவின் துணையோடு, ராக்கெட்டுக்கு வேண்டிய டைட்டானியம் உலோகத்துக்கு அடிப்படையான 'ஸ்பாஞ்ச்' தயாரிக்கும் பிரிவையும் அமைத்தது. இந்தப் பக்கமும் சில முயற்சிகள் நடந்தன. தூத்துக்குடி மாவட்டம் சாகுபுரத்தில் இல்மனைட்டிலிருந்து செயற்கை ரூட்டைல் என்ற டைட்டானியம் செறிந்த மூலப்பொருள் தயாராகிறது. பழையகாயலில் அணு உலைக்குழாய்களுக்கான சிர்கோனியத்தைத் தயாரிக்கும் வளாகம் 2009-ல் வந்தது. எல்லாமே தூத்துக்குடி மாவட்டத்தில். குமரிக்குக் கிடைத்தது சங்கிலியின் முதல் கண்ணி மட்டும்.

ஆலைக்குள் மணல் என்ன ஆகிறது?

அந்த முதல் கண்ணியையும் குறைத்து மதிப்பிட வேண்டாம். மேற்குத் தொடர்ச்சி மலைப் பாறைகள் லட்சக்கணக்கான ஆண்டுகளாகச் சிதைந்து, ஆறுகள் வழியாகக் கடலுக்கு வந்து, அலை அவற்றை மறுபடி கரையில் சலித்துப் போடுகிறது. சாதாரண மணல் லேசு. தாதுமணல் ஏறக்குறைய இரண்டு மடங்கு கனம். பருவமழைக் காலத்து முரட்டு அலை லேசான மணலை இழுத்துக்கொண்டு கனமானதை விட்டுப்போகும். சின்னவிளை, பெரியவிளைக் கரைகளில் கருப்புப் பட்டையாகப் படிந்திருப்பது அதுதான்.

ஆலையில் நடப்பது அந்த அலை செய்த வேலையின் தொடர்ச்சி. நீரில் கரைத்த மணல், சுருள் சுருளாக இறங்கும் தொட்டிகளில் ஓடும். முறத்தில் புடைக்கும்போது பதர் ஒருபுறமும் மணி ஒருபுறமும் ஒதுங்குவதைப் போல, லேசான மணல் வெளிவிளிம்புக்கும் கனமானது உள்பக்கத்துக்கும் பிரியும். பிறகு உலர்த்தி, உயர் மின்னழுத்தம் பாயும் உருளைகளின் மேல் கொட்டுவார்கள். இல்மனைட்டும் ரூட்டைலும் மின்சாரத்தைக் கடத்துபவை. அவை உருளையை விட்டுத் தெறித்து விழும். மோனசைட், கார்னெட், சிர்கான், சிலிமனைட் ஆகியவை கடத்தாதவை. உருளையோடு ஒட்டிக்கொண்டு சுற்றிவந்து வேறிடத்தில் விழும். அடுத்தது காந்தம். இல்மனைட்டை அது உடனே இழுக்கும். கார்னெட் கொஞ்சம் தயங்கி வரும். மோனசைட்டை இழுக்கக் கூடுதல் வலு வேண்டும். ரூட்டைலும் சிர்கானும் அசையவே அசையாது. கடைசியில் கறுப்பு இல்மனைட், செம்பழுப்பு ரூட்டைல், இளஞ்சிவப்பு கார்னெட், தேன் நிற மோனசைட், பளிங்குபோல் மின்னும் சிர்கான் என்று தனித்தனிக் குவியல்கள்.

ஆண்டுக்குச் சுமார் 90,000 டன் இல்மனைட், 3,500 டன் ரூட்டைல், சிர்கானும் கார்னெட்டும் தலா 10,000 டன், மோனசைட் 3,000 டன் என்பது இந்த ஆலையின் கொள்ளளவாக நிறுவனம் சொல்லும் கணக்கு. சிர்கானிலிருந்து சில வேதிப்பொருள்களைச் சிறிய அளவில் தயாரிக்கும் பிரிவும் உண்டு. அதோடு சரி. சிர்கான் டைல்ஸுக்கும் வார்ப்படத்துக்கும், கார்னெட் உரசுபொருளாகவும், இல்மனைட் நிறமி ஆலைக்கும் வண்டியேறிப் போகின்றன.

மூலப்பொருள் இல்லாத ஊர்களின் வெற்றி

மூலப்பொருள் இருந்தால் தொழில் தானாக வந்துவிடும் என்பது பழைய நம்பிக்கை. தமிழ்நாட்டின் தொழில் வரைபடமே அதைப் பொய்யாக்குகிறது. திருப்பூர் பனியனுக்கான பருத்தியில் பெரும்பகுதி குஜராத், மகாராஷ்டிரம், தெலங்கானாவிலிருந்து வருகிறது. கோயம்புத்தூரில் இரும்புச் சுரங்கம் இல்லை. பம்ப்செட் தொழில் இருக்கிறது. சிவகாசியில் கந்தகம் விளைவதில்லை. இந்தியாவிலேயே அதிகத் தொழிற்சாலைகள் உள்ள மாநிலமாகத் தமிழ்நாடு நிற்பதற்குக் காரணம் கனிமங்கள் இல்லை. படித்த, கைத்திறன் உள்ள தொழிலாளர்கள், சாலை, மின்சாரம், அடுத்தடுத்து முளைத்த சிறு பட்டறைகள் ஆகியவைதான் காரணம்.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். குமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில், கருங்கல், மார்த்தாண்டம் வட்டாரத்தில் உள்ள முந்திரி ஆலைகளைப் பாருங்கள். ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து கப்பலில் வரும் கொட்டையை வறுத்து, உடைத்து, தோல் நீக்கி, தரம் பிரித்து அனுப்புகிறார்கள். ஆயிரக்கணக்கான பெண்களின் குடும்பம் இதில் ஓடுகிறது. ஆப்பிரிக்க விவசாயி கொட்டையை விற்கிறார்; பருப்பாக்கும் கூலி குமரிக்கு வருகிறது. முந்திரியில் நாம் இருக்கும் இடத்தில்தான் கருமணலில் ஜப்பானும் சீனாவும் இருக்கின்றன. கருமணலில் நாம் அந்த ஆப்பிரிக்க விவசாயி.

இந்த மாவட்டத்தில் தொழிலுக்கு ஆள் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 2011 கணக்கெடுப்பின்படி 91.75 சதவீத எழுத்தறிவோடு தமிழ்நாட்டில் முதலிடம். பொறியியல் கல்லூரிகளுக்கும் பாலிடெக்னிக்குகளுக்கும் பஞ்சமில்லை. படித்து முடித்தவர்கள் சென்னைக்கும் பெங்களூருக்கும் வளைகுடாவுக்கும் பஸ்ஸும் ரயிலும் விமானமும் ஏறுகிறார்கள். தாதும் வெளியே போகிறது, அதைப் பொருளாக்கக்கூடிய மூளையும் வெளியே போகிறது.

காந்தம் கற்றுக்கொடுத்த பாடம்

1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸிலும் ஜப்பானின் சுமிட்டோமோவிலும் தனித்தனியே நியோடிமியம் காந்தத்தைக் கண்டுபிடித்தார்கள். நியோடிமியம் மோனசைட்டில் உள்ள அரிய மண் தனிமங்களில் ஒன்று. இரும்பும் போரானும் சேர்த்தால் உலகின் மிக வலுவான நிரந்தரக் காந்தம். ஒரு மின்சாரக் காரின் மோட்டாருக்கு ஒன்றிரண்டு கிலோ தேவை. ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் தயாராகும் மின்சார ஸ்கூட்டர்களிலும், காற்றாலைகளின் சில ரகங்களிலும், நம் காதில் செருகும் இயர்போனிலும் இந்தக் காந்தம் இருக்கிறது.

அந்தத் தொழிலை ஜெனரல் மோட்டார்ஸ் 'மேக்னகுவெஞ்ச்' என்ற பெயரில் நடத்தியது. 1995-ல் அது சீன நிறுவனங்கள் இடம்பெற்ற கூட்டமைப்புக்கு விற்கப்பட்டது. சில ஆண்டுகளில் இந்தியானா மாநில ஆலைகள் மூடப்பட்டு உற்பத்தி சீனாவுக்குப் போனது. சீனாவிடம் தாது இருந்தது உண்மை. ஆனால், தாதோடு நிற்காமல் ஆக்சைடு, உலோகம், காந்தம், மோட்டார், கார் என்று ஒவ்வொரு படியாக ஏறியதுதான் அதன் பலம். 2025 ஏப்ரலில் சில அரிய மண் தனிமங்களுக்கும் காந்தங்களுக்கும் சீனா ஏற்றுமதிக் கட்டுப்பாடு போட்டபோது, இந்திய வாகன நிறுவனங்கள் கையைப் பிசைந்தன.

அதே இந்தியாவின் இருப்பைப் பாருங்கள். அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் கணக்கில் அரிய மண் தனிம இருப்பில் உலகில் மூன்றாவது இடம், 69 லட்சம் டன். 2024-ல் எடுத்ததோ வெறும் 2,900 டன். சீனா அதே ஆண்டில் எடுத்தது 2,70,000 டன். எடுத்த கொஞ்சத்திலும் ஒரு பங்கு, 2012-ல் போட்ட ஒப்பந்தப்படி ஜப்பானுக்குப் போய்க்கொண்டிருந்தது. அதை நிறுத்திவைக்குமாறு அரசு ஐ.ஆர்.இ.எல். நிறுவனத்தைக் கேட்டுக்கொண்டதாக 2025 ஜூனில் செய்தி வந்தது. உள்நாட்டிலேயே காந்தம் செய்யும் ஆலைகள் போதுமானதாக இருந்திருந்தால் இப்படி யோசிக்கும் நிலையே வந்திருக்காது.

விழிப்பு வந்துவிட்டது. விசாகப்பட்டினத்தில் சமேரியம்-கோபால்ட் காந்த ஆலை வந்திருக்கிறது. 2025 நவம்பரில், ஆண்டுக்கு 6,000 டன் காந்தம் தயாரிக்கும் திறனை உருவாக்க 7,280 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. நாட்டு வருமானத்தில் உற்பத்தித் துறையின் பங்கை 25 சதவீதமாக்குவோம் என்று 2011-ன் தேசிய உற்பத்திக் கொள்கையும், 2014-ன் 'மேக் இன் இந்தியா'வும் சொல்லியும் அந்தப் பங்கு 16, 17 சதவீதத்திலேயே நிற்கும்போது, இது நல்ல திருப்பம்தான். ஆனால், இந்த 7,280 கோடியில் எழப்போகும் ஆலைகளில் ஒன்றாவது மணல் கொடுத்த கரைக்கு வருமா என்பதே குமரியின் கேள்வி.

கரையின் கணக்கு

தொழில் வளர்ச்சியைப் பற்றிப் பேசும்போது வரவை மட்டும் எழுதி, செலவை எழுதாமல் விடுவது வழக்கம். கடற்கரையில் வசிப்பவர்களுக்கு அந்தச் செலவுப் பக்கம் மனப்பாடம்.

கரை என்பது மீனவருக்கு வெறும் மணல்வெளி இல்லை. வள்ளம் ஏற்றும் இடம், வலை உலர்த்தும் இடம், கரமடி இழுக்கும் இடம், மீன் ஏலம் போகும் சந்தை. கரை ஒடுங்கினால் பிழைப்பும் ஒடுங்கும். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி குளச்சல், கொட்டில்பாடு, மணவாளக்குறிச்சிக் கரைகளில் நூற்றுக்கணக்கான உயிர்களைக் கொண்டுபோனது. மணல்மேடுகளை இழந்தால் அடுத்த முறை எது காக்கும் என்று அவர்கள் கேட்பதை அறியாமை என்று ஒதுக்க முடியாது.

அடுத்தது கதிர்வீச்சு. மோனசைட்டில் தோரியம் இருப்பதால் இந்தக் கரையில் இயற்கையாகவே கதிர்வீச்சு அதிகம். ஆலை வருவதற்கு முன்பும் அப்படித்தான். இதேபோன்ற கரையான கேரளத்தின் கருநாகப்பள்ளியில் ஏறத்தாழ 70,000 பேரை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்து 2009-ல் வெளியான ஆய்வு, இயற்கைக் கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை என்றது. ஆனாலும் புற்றுநோய் அச்சம் குமரிக் கரையை விட்டுப் போகவில்லை. கேரளத்து ஆய்வைக் காட்டி இங்குள்ளவர்களைச் சமாதானப்படுத்த முடியாது. இதே ஊர்களில், இதே மக்களிடம், யாரும் சந்தேகிக்க முடியாத வெளி நிறுவனம் ஒன்று ஆய்வு நடத்தி, முடிவைத் தமிழில் வெளியிட வேண்டும்.

மூன்றாவது, நம்பிக்கை முறிந்த வரலாறு. நெல்லை, தூத்துக்குடி, குமரி மாவட்டங்களில் தனியார் தாதுமணல் அள்ளியதில் நடந்த முறைகேடுகள் ஊரறிந்தவை. 2013-ல் தமிழக அரசு அதற்குத் தடை போட்டது. 2025 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சி.பி.ஐ. விசாரணைக்கு உத்தரவிட்டு, 5,832 கோடி ரூபாய் வசூலிக்கும் அரசின் நடவடிக்கையையும் உறுதிசெய்தது. இவ்வளவு பணம் கரையிலிருந்து போயிருக்கிறது என்பது நீதிமன்றத்திலேயே பதிவானபின், மணல் என்ற சொல்லைக் கேட்டாலே கடற்கரை ஊர்கள் கொந்தளிப்பதில் வியப்பில்லை.

இந்தப் பின்னணியில்தான் கிள்ளியூர் வட்டத்தில் கீழ்மிடாலம், இனயம்புத்தன்துறை, ஏழுதேசம், கொல்லங்கோடு உள்ளிட்ட கிராமங்களில் 1,144 ஹெக்டேரில் மணல் எடுக்கும் ஐ.ஆர்.இ.எல். திட்டம் வந்தது. 2024 அக்டோபர் 1 அன்று நடப்பதாக இருந்த கருத்துக் கேட்புக் கூட்டம் எதிர்ப்பால் தள்ளிவைக்கப்பட்டது. 2025 செப்டம்பரில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம், அணுக் கனிமங்கள் உள்ளிட்ட சில கனிமங்களின் சுரங்கத் திட்டங்களுக்கு மக்கள் கருத்துக் கேட்பே தேவையில்லை என்று விலக்கு கொடுத்தது. அதைத் திரும்பப் பெறக் கோரி முதலமைச்சர் ஸ்டாலின் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். மக்கள் எதிர்க்கிறார்கள் என்பதற்காக அவர்களிடம் கேட்பதையே நிறுத்திவிடுவது, தொழில் வளர்ச்சிக்கு உதவாது. எதிர்ப்பைத் தெருவுக்குத் தள்ளத்தான் உதவும்.

எது நியாயமான பேரம்?

சுரங்கமே கூடாது என்பது ஒரு தரப்பு. நாட்டுக்குத் தேவை, எனவே தோண்டியே தீர வேண்டும் என்பது இன்னொரு தரப்பு. இரண்டு தரப்பும் பேசாமல் விடும் இடம் ஒன்று இருக்கிறது: தோண்டிய பிறகு என்ன?

மோனசைட்டை அமிலத்திலும் காரத்திலும் பகுக்கும் கட்டம் ஆபத்தானது. தோரியக் கழிவு மிஞ்சும்; ஆண்டாண்டு காலம் காவல் காக்க வேண்டும். சீனாவின் பாவ்டோவில் ஏரிபோல் தேங்கி நிற்கும் கழிவு அதற்குச் சாட்சி. சதுர கிலோமீட்டருக்கு ஆயிரம் பேருக்கு மேல் வாழும் குமரி மாவட்டத்தில் அந்த ஆலையை வைப்பது அறிவீனம். அந்த வேலைக்கு ஒடிசாவில் ஏற்கெனவே ஆலை இருக்கிறது.

ஆனால் சங்கிலியின் கடைசிக் கண்ணிகள் அப்படியல்ல. ஆக்சைடிலிருந்து செய்த உலோகக் கலவையைக் காந்தமாக்குவது, அதை அறுத்து மெருகேற்றுவது, மோட்டார் கட்டுவது, சிர்கோனியாவில் பல் மருத்துவத்துக்கும் வெட்டுக் கருவிகளுக்கும் வேண்டிய பீங்கான் செய்வது, கார்னெட்டைத் தரம் பிரித்து வாட்டர்-ஜெட் வெட்டுக்கு அனுப்புவது எல்லாம் நுட்பமான, ஒப்பீட்டளவில் சுத்தமான, நல்ல சம்பளம் தரும் வேலைகள். இவற்றுக்கு ஏக்கர் கணக்கில் நிலம் தேவையில்லை. திறமையான கைகள் தேவை. அவை குமரியில் இருக்கின்றன. நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரத்தின் விண்வெளி மையங்களும் மகேந்திரகிரியின் இஸ்ரோ வளாகமும் எட்டும் தூரத்தில்தான். தூத்துக்குடித் துறைமுகமும் பக்கம்.

தொழில்களை எங்கே வைப்பது என்று முடிவெடுப்பவர்கள் இதுவரை மணல் எங்கிருக்கிறது என்று பார்த்துத் தோண்டினார்கள். ஆலையை வேறு எங்கோ கட்டினார்கள். இதைத் தலைகீழாக்க வேண்டும். ஒரு கரையில் புதிதாக ஒரு லாரி மணல் எடுப்பதற்கு முன், அந்தத் தாதிலிருந்து எந்தப் பொருளை அந்த மாவட்டத்தில் செய்யப்போகிறோம், எத்தனை நிரந்தர வேலை, அதில் கடற்கரை ஊர்களுக்கு எத்தனை என்பதை எழுத்தில் கொடுக்க வேண்டும். ஒப்பந்தக் கூலி வேலையைக் காட்டி அதற்கு ஈடு என்று சொல்லக் கூடாது. எடுத்த மணலின் அளவு, கரை நகர்ந்த அளவு, கதிர்வீச்சு அளவு ஆகியவற்றை ஒவ்வோர் ஆண்டும் ஊராட்சிப் பலகையில் ஒட்ட வேண்டும். கிராம சபைக்கு மறுக்கும் உரிமை இருக்க வேண்டும். மறுக்கும் உரிமை இருக்கும் இடத்தில்தான் சம்மதத்துக்கு மதிப்பு.

உற்பத்தித் தொழில் நாட்டை உயர்த்தும் என்பதில் சந்தேகமில்லை. மண்ணைக் கொடுத்த ஊரைத் தாண்டிப்போய் எழுந்த தொழில் நாட்டின் கணக்கில் ஏறும். ஊரின் கணக்கில் ஏறாது. 1909 முதல் இன்றுவரை மணவாளக்குறிச்சி தன் பங்கைக் கொடுத்துவிட்டது. இனி கொடுக்க வேண்டியது தில்லியும் சென்னையும். காந்தத் திட்டத்தின் ஓர் ஆலையாவது குமரி மாவட்டத்துக்கு வர வேண்டும் என்று நம் எம்.பி.க்களும் எம்.எல்.ஏ.க்களும் கட்சி பேதமின்றிக் கேட்க வேண்டும்; அதற்கு உத்தரவாதம் கிடைக்கும்வரை, புதிய கரைகளில் மண்வெட்டி விழக் கூடாது.